துப்பாக்கிக்கு உகந்த மரம்

 

துப்பாக்கியின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் குழலைப் பற்றியும் குண்டைப் பற்றியும் விரிவாகப் பேசும். அக்குழலைத் தாங்கி நிற்கும் மரத்தைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடும். ஆயினும் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி ஏந்திய வீரனின் கையும் தோளும் கன்னமும் பொருந்தியிருந்தது மரத்தின்மீதுதான். அம்மரத்தை எவ்வாறு தேர்ந்தனர்? நம் நாட்டில் அதற்கு ஏற்ற மரம் இருந்ததா? இருந்ததென்றால், நம் படைக்கு அது ஏன் பயன்படாமற் போயிற்று? இக்கேள்விகளை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

தேசிய மாணவர் படையில் பயிற்சி பெறும் மாணவர்கள் .22 துப்பாக்கியைக் கையில் எடுத்திருப்பீர்கள். அதன் இரும்புக் குழலுக்கு அடியில் நீண்டு கிடப்பது முன்கட்டை. தோளில் பதியும் அகன்ற பகுதி அடிக்கட்டை. இரண்டுக்கும் இடையே, விரல்கள் சுற்றிப் பிடிக்கும் மெலிந்த பகுதியைக் கழுத்து என்று கூறலாம். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அவ்வுதையை ஏற்று, கழுத்தின் வழியே கடத்தி, தோளில் பரப்பிவிடுவது மரத்தின் கடமை. வெயிலில் காய்ந்தாலும் மழையில் நனைந்தாலும் வடிவம் மாறாமல் குழலை ஒரே நிலையில் தாங்கி நிற்பது அதன் இரண்டாவது கடமை. முன்கட்டை ஈரத்தால் சிறிது ஊதிக் குழலை ஒருபக்கம் நெருக்கினாலும் போதும், குறி தவறிவிடும். ஆகவே துப்பாக்கிக்கு மரம் தேர்வது அழகு நோக்கிய தேர்வன்று; வீரனின் உயிரோடு தொடர்புடைய தேர்வாகும்.

நான் வாழும் படப்பை, சென்னைக்குத் தென்மேற்கே, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். இப்பகுதி போர்களைக் கண்ட பூமி. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள மணிமங்கலத்தில்தான் ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியின் படையை முறியடித்தான். அந்நாளில் வேலுக்குக் காம்பும் வில்லுக்குத் தண்டும் அவ்வவ்வூர்க் காடுகளே தந்திருக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், எங்கள் ஊருக்கு மேற்கே காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை வென்றனர். அப்படையில் துப்பாக்கி ஏந்தி நின்ற சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்நாட்டவர். அவர்கள் ஏந்திய துப்பாக்கியோ இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தது. அதன் கட்டை ஐரோப்பாவில் விளைந்த அக்ரோட்டு மரம். கருங்காலியும் தேக்கும் ஈட்டியும் செழித்த நாட்டில், கும்பினிச் சிப்பாயின் தோளில் கடல் கடந்து வந்த மரம் சாய்ந்திருந்தது. இது சிந்திக்கத் தக்கது.

நம் நாட்டு மரங்களுள் துப்பாக்கிக்கு ஏற்றது இல்லையா? ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதற்கண் கருங்காலி. உலக்கைக்கு அதைவிடச் சிறந்த மரம் இல்லை என்பது நம் இல்லத்தரசியர் அறிந்தது. உலக்கைக்குக் கனமே குணம். துப்பாக்கிக்குக் கனமே குற்றம். இரண்டு உலகப் போர்களிலும் இந்திய வீரர் சுமந்த லீ-என்பீல்டு துப்பாக்கி ஏறத்தாழ 4 கிலோ எடையுடையது. நாள் முழுதும் நடந்து, இரவில் காவல் நின்று, மறுநாளும் நடக்க வேண்டிய மனிதனுக்கு ஒவ்வொரு பலம் எடையும் சுமை. இக்காரணத்தால் கருங்காலி விலகிவிடுகிறது.

அடுத்து வேலமரம். ஏருக்கும் வண்டிக்கும் நம் உழவர் நம்பும் மரம் அது. அடியைத் தாங்கும் ஆற்றலில் தேக்கையும் விஞ்சும். ஆனால் அக்ரோட்டு மரம் கன மீட்டருக்குச் சுமார் 640 கிலோ எடையிருக்க, கருவேலம் 800 கிலோவைத் தாண்டும். மேலும், காயும்போது வளைந்து திருகும் இயல்பும் அதற்கு மிகுதி. ஈட்டியும் கனமானதே. கனம் பொருட்டாகாத இடங்களில் இம்மரங்கள் படைக்கு உதவாமல் இல்லை. திப்பு வீழ்ந்த பின் கும்பினியார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தினர். பின்னர் அத்தொழில் சென்னைக்கு வந்தது. மாடுகளும் யானைகளும் இழுக்கும் வண்டிக்குக் கனமான மரம் ஆகும். மனிதன் தோளில் சுமக்கும் கருவிக்கு ஆகாது.

இனித் தேக்கு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் இந்திய மரங்களை எடை, உறுதி, வளையாமை, அதிர்ச்சி தாங்குதல், வடிவம் காத்தல், கடினம் முதலிய குணங்களால் அளந்து அட்டவணை வகுத்தபோது, தேக்குக்கு எல்லாக் குணத்திலும் 100 என்று மதிப்பிட்டு, மற்ற மரங்களை அதனோடு ஒப்பிட்டனர். தேக்கே அளவுகோல் ஆயிற்று என்றால் அதன் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமா? வடிவம் காப்பதில் அதற்கு இணையான மரங்கள் மிகச் சில. ஆனால் அதிர்ச்சி தாங்குவதில் அதை விஞ்சும் மரங்கள் பல உள்ளன. ஒரே இடத்தில் ஓயாமல் உதைபடும் மெல்லிய கழுத்துக்கு அக்குணம் இன்றியமையாதது. கப்பலுக்கும் கதவுக்கும் அரசனாகிய தேக்கு, துப்பாக்கிக்கு முதல் தேர்வாகவில்லை.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மிக உறுதியான மரம் எது என்று கேட்டால் விடை ஒன்று. மிக உகந்த மரம் எது என்று கேட்டால் விடை வேறு. அக்ரோட்டு மரம் எக்குணத்திலும் முதலிடம் பெறுவதன்று. எடையில் நடுத்தரம், உறுதியில் நடுத்தரம். ஆனால் உதையை வாங்கி நெகிழ்ந்து மீளும். நன்கு காய்ந்தபின் எளிதில் உருமாறாது. உளி போகும் வழியில் சிதையாமல் செதுக்க இடம் கொடுக்கும். திருகாணியை இறுகப் பற்றும். எல்லாக் குணமும் அளவோடு ஒருங்கே அமைந்திருப்பதுதான் அதன் சிறப்பு.

மரம் உகந்ததாயினும், அதை அறுக்கும் முறையும் காய வைக்கும் முறையும் தவறினால் பயனில்லை. மரம் காயும்போது நீளவாக்கில் பெரும்பாலும் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, வளையங்களின் போக்கில் சுருங்குகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டால்தான் பலகை கோணுகிறது. ஆதலின் தேர்ந்த தொழிலாளி கட்டையைக் கையில் எடுத்தவுடன் நோக்குவது மரத்தின் ரேகையை. கழுத்துப் பகுதியில் ரேகை நேராக ஓட வேண்டும். அங்கே அது குறுக்கே வெட்டி வெளியேறினால், கட்டை விழுந்த அன்றோ, நூறாவது குண்டு சுட்ட அன்றோ முறிந்துவிடும். அடிக்கட்டையின் அகன்ற பகுதியில் ரேகை சுழித்து அழகு காட்டினால் தீங்கில்லை.

பச்சை மரத்தை விரைந்து காய வைத்தால் வெளிப்புறம் சுருங்கி உட்புறம் ஈரமாய் நின்று வெடிப்பு விழும். நரசிங்கம்பேட்டையில் நாதசுவரம் செய்வோர், பழைய வீடுகளில் பல்லாண்டு கிடந்து முற்றிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவர். துப்பாக்கி செய்வோரும் அதே பொறுமையைக் கைக்கொண்டனர். பாதி செதுக்கிய கட்டைகளை நிழலில் காற்றோட்டமாக அடுக்கி, மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் காத்திருந்தனர். பின்னாளில் சூட்டறைகள் வந்து அக்காலத்தைக் குறைத்தன. செதுக்கி முடிந்தபின் ஆளிவிதை எண்ணெயில் ஊற வைத்தனர். ஈரம் புகுவதை எண்ணெய் தாமதிக்கச் செய்யும்.

எடை நடுத்தரம், உதை தாங்கும் ஆற்றல், செதுக்க இடம் கொடுத்தல் ஆகிய குணங்கள் பொருந்திய மரம் தமிழ் மண்ணில் உண்டா? உண்டு. அது நம் வேலியில் நிற்கிறது. அதன் பெயர் பூவரசு!

படப்பை என்னும் சொல்லுக்கே தோட்டம், வீட்டுப் புறத்தேயுள்ள கொல்லை என்பது பொருள். அத்தகைய கொல்லைகளில் நம் முன்னோர் விரும்பி வளர்த்த மரம் பூவரசு. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத சிறுவர் இருந்திரார். யாழ்ப்பாணத்து வேலிகளிலும் அதற்குச் சிறப்பிடம் உண்டு. இலங்கையில் 1845 முதல் 1850 வரை அரசுச் செயலாளராக இருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், 1859-இல் வெளியிட்ட தமது பெருநூலில் இம்மரத்தைப் பற்றிக் குறிப்பிடுகிறார். வண்டி ஏர்க்காலுக்கும் துப்பாக்கிக் கட்டைக்கும் இது பயன்பட்டதை அவர் எழுதி வைத்துள்ளார். ஏர்க்கால் இடைவிடாது குலுங்கும் உறுப்பு; துப்பாக்கிக் கட்டை உதைபடும் உறுப்பு. இரண்டுக்கும் ஒரே மரத்தை நாட்டுத் தச்சர் தேர்ந்திருக்கின்றனர் எனில், அதிர்ச்சி தாங்கும் குணத்தை ஆராய்ச்சிக்கூடம் அளந்து சொல்வதற்கு முன்பே அவர்கள் கைகள் அறிந்திருந்தன என்று கொள்ளலாம்.

எங்கள் வட்டாரத்தில் முதிய தச்சர் ஒருவர் பூவரசங்கட்டை வாங்குவதை இளமையில் பார்த்திருக்கிறேன். கட்டையின் ஒரு முனையில் காதை வைப்பார். மறுமுனையைச் சுத்தியலால் தட்டச் சொல்வார். ஓசை கணீரென்று வந்தால் எடுத்துக்கொள்வார். மந்தமாய் வந்தால் புரட்டித் தள்ளிவிடுவார். “வெளியே பார்த்தா எல்லாம் மரந்தான் தம்பி, உள்ளே பொந்து இருக்கும்” என்பார். அம்முதியவரின் சொல்லிலேயே நம் மூன்றாவது கேள்விக்கு விடை இருந்தது என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன்.

பூவரசு நல்ல மரமே. ஆனால் அதை நாம் வளர்த்த முறை வேறு. வேலிக்காகவும் நிழலுக்காகவும் தழைக்காகவும் கிளையை வெட்டி ஊன்றினோம். அவ்வாறு வளர்ந்த மரம் பெரும்பாலும் நேராக ஓங்குவதில்லை, கோணி வளரும், வயிரத்தில் பொந்து விழுவதும் உண்டு. ஊர்த் தச்சர் பத்துக் கட்டைகளைத் தட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்து, ஒரு வேட்டைத் துப்பாக்கிக்குக் கட்டை செய்துவிடலாம். ஆனால் ஓர் அரசின் தொழிற்சாலைக்கு ஒன்று போலவே மற்றொன்றாக ஆயிரம் ஆயிரம் கட்டைகள், ஆண்டுதோறும் தவறாமல் வேண்டும். எடை, அதிர்ச்சி, வடிவம், செதுக்கு என்னும் நான்கு சோதனைகளோடு ஐந்தாவதாக ஒரு சோதனையும் உண்டு. வேண்டிய அளவு, வேண்டிய நேரத்தில் கிடைக்குமா என்பதே அது. பூவரசு தோற்றது இச்சோதனையில்தான். அதற்குக் காரணம் மரத்தின் குணத்தில் இல்லை. நம் வளர்ப்பு முறையில் இருந்தது.

இந்த ஐந்தாம் சோதனை செல்வ நாடுகளையும் திணற அடித்தது. முதல் உலகப் போரின்போது, 1918-ஆம் ஆண்டில், அமெரிக்கச் சாரணச் சிறுவர்கள் ஊர் ஊராகச் சென்று, தோட்டங்களிலும் வயலோரங்களிலும் நின்ற கருப்பு அக்ரோட்டு மரங்களைக் கணக்கெடுத்தனர். துப்பாக்கிக் கட்டைக்கும் விமானச் சுழல்விசிறிக்கும் அம்மரம் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 1912-இல் தொடங்கிய லித்கோ தொழிற்சாலை குவின்ஸ்லாந்து மேப்பிள், கோச்வுட் ஆகிய தன் நாட்டு மரங்களை நாடியது. கோச்வுட் உதையைத் தாங்கும் இடங்களில் நைந்து போகாதிருக்கச் சிறு செப்புத் தகடுகளைப் பதித்தனர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் அக்ரோட்டை மட்டும் நம்பியிருக்க இயலாமல், பீச், பிர்ச் மரங்களை ஏற்றுக்கொண்டது. லீ-என்பீல்டு துப்பாக்கியின் கட்டை ஒரே துண்டாக இல்லாமல், முன்கட்டை வேறு, அடிக்கட்டை வேறு என அமைந்திருந்தது இத்தகைய காலத்தில் பெரிதும் உதவிற்று. நீண்ட குறையற்ற மரம் கிடைக்காதபோது குறுகிய துண்டுகளைக் கொண்டே வேலையை முடிக்கலாம் அன்றோ?

இந்தியாவின் நிலை என்ன? வங்காளத்தில் கல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூரில், பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடத்தில், 1904-ஆம் ஆண்டு துப்பாக்கித் தொழிற்சாலை தோன்றியது. அதற்கு வேண்டிய அக்ரோட்டு மரம் இமயத்தின் சாரல்களில், சிறப்பாகக் காசுமீரத்தில், விளைந்தது. குளிர் மலையில் வளர்ந்த மரம், ஈரம் மிகுந்த வங்கத்தில் செதுக்கப்பட்டு, பாலைநிலத்திலும் பனிமலையிலும் பயன்பட வேண்டியிருந்தது. இச்சாப்பூர்த் தொழிலாளர் ஒரு சிறு உபாயம் கண்டனர். முன்கட்டையில் பிளவு ஏற்படக்கூடிய இடத்தில் குறுக்காக ஒரு திருகாணியைப் பாய்ச்சி மரத்தை இறுக்கினர். பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர் இன்றும் அத்திருகாணியைக் கண்டே அது இச்சாப்பூர் வேலை என்று அடையாளம் கொள்வர். மரத்தில் உள்ள சிறு குறையை அறிந்து அதற்கு அணை கோலுவதும் தேர்வின் ஒரு பகுதியே.

1962-ஆம் ஆண்டில் சீனப் படை இமய எல்லையில் புகுந்தபோது, நம் வீரரில் பெரும்பாலோர் கையில் இருந்தது பழைய .303 லீ-என்பீல்டு. அப்போரின் துயரப் பாடம் படைக்கலத் தொழிலை விரைவுபடுத்தியது. 7.62 மில்லிமீட்டர் அரைத் தானியங்கித் துப்பாக்கி இச்சாப்பூரில் உருவாகலாயிற்று. 1966-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. நம் காவிரிக் கரையிலேயே துப்பாக்கி பிறந்தது. அத்துப்பாக்கிக்கும் கட்டை மரமே. புள்ளலூர்ப் போர் நடந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதற்குள், தமிழ்நாட்டில் செய்த துப்பாக்கியை இந்திய வீரன் ஏந்தினான் என்பது பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி.

ஆனால் ஒரு துப்பாக்கிக்கு மரம் தருவதற்கு முன் அக்ரோட்டு மரம் செய்திருக்கக்கூடிய மற்றொரு பணியை நாம் மறந்துவிடக் கூடாது. அது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுதோறும் காய் தருவது. நல்ல கட்டைக்கு ஏற்ற பருமன் அடைய அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் செல்லும். பாட்டன் நட்டது பேரனுக்குப் பயன்படும். அதை வெட்டுவதற்கு அரை நாள் போதும். இதனை உணர்ந்துதான் சம்மு காசுமீர அரசு 1969-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, தனியார் நிலத்தில் நிற்கும் அக்ரோட்டு மரமாயினும் அனுமதியின்றி வெட்டலாகாது என்று காத்தது. நாட்டைக் காக்கும் கருவிக்கு மரம் வேண்டும்; நாட்டின் மரத்தையும் காக்க வேண்டும். இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதியபோது, இடைக்காலத்தில் புதிய மரங்களை நட்டு வளர்த்த சமுதாயமே இரண்டையும் நிறைவேற்ற வல்லதாயிற்று.

1990-களின் இறுதியில் நம் படைக்கு வந்த இன்சாஸ் துப்பாக்கியில் மரத்துக்கு மாறாக உறுதியான நெகிழிக் கட்டை இடம்பெற்றது. நெகிழி ஈரத்தால் ஊதாது. ரேகை இல்லாமையால் பிளவாது. ஒரே அச்சில் ஆயிரம் வார்த்தாலும் வேறுபாடு இராது. ஐந்தாம் சோதனையில் அது எளிதாக வென்றுவிட்டது. எங்கள் படப்பையை அடுத்த ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அங்கே பணிபுரியும் இளைஞர்களுக்கு வார்ப்பு அச்சும் நெகிழிக் குருணையும் நன்கு பழகியவை. முன்னாளில் தச்சர் காதால் கேட்டு அறிந்ததை இன்று அவர்கள் கருவிகளால் அளந்து அறிகின்றனர்.

அப்படியாயின் மரம் தேர்ந்த கலை வீணாயிற்றா? இல்லை என்பேன். பொருள் மாறியது, கேள்விகள் மாறவில்லை. எடை எவ்வளவு, அடியைத் தாங்குமா, வெயிலிலும் மழையிலும் உருமாறாதா, வேண்டிய வடிவுக்கு இணங்குமா, தடையின்றிக் கிடைக்குமா? நெகிழியைத் தேர்பவரும் உலோகத்தைத் தேர்பவரும் இந்த ஐந்து கேள்விகளையே கேட்கின்றனர். வருங்காலத்தில் பொறியாளர்களாகவும் வனத்துறையினராகவும் ஆகப்போகும் மாணவர்கள் இவற்றை நெஞ்சில் நிறுத்த வேண்டும். ஒரு பொருளின் உயர்ந்த குணம் ஒன்றைக் கண்டு மயங்காமல், செய்ய வேண்டிய பணி எது என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டு, அதற்குரிய பொருளைத் தேடுங்கள். தேவை வந்த நாளில் தேடத் தொடங்கினால் கிடைப்பது அரிது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதை நட்டிருக்க வேண்டும்.

இவ்வாண்டு மழைக்காலத்தில் உங்கள் கல்லூரி வளாகத்திலோ வீட்டுக் கொல்லையிலோ மரம் நடுவீர்களாயின், ஒரு பூவரசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளையை வெட்டி ஊன்றாமல், விதையிலிருந்து முளைக்க வைத்து, பக்கக் கிளைகளைக் கழித்து, நேராக வளர விடுங்கள். அது துப்பாக்கிக்குப் போக வேண்டியதில்லை. உளிப்பிடியாகலாம், வண்டியாகலாம், நல்ல நாற்காலியாகலாம். உள்ளே பொந்தில்லாத மரமாக அது முற்றி நிற்குமாயின், அதைத் தட்டிப் பார்க்கும் வருங்காலத் தச்சர் உங்களை வாழ்த்துவார்.